சென்னையிலிருந்து ஜெர்மனிக்கு நாயும் பூனையும்: முதலில் நாள்கணக்கு, அப்புறம்தான் டிக்கெட்

பிராங்க்பர்ட்டில் வேலை உறுதியானதும் நான் முதலில் செய்த காரியம் விமான டிக்கெட் விலை பார்த்தது. பார்த்திருக்க வேண்டியது காலண்டரை. வீட்டில் சுண்டல் என்ற நாட்டு நாயும் மீசை என்ற பூனையும் இருந்தன. இரண்டையும் கூட்டிப் போக எத்தனை ரூபாய் ஆகும் என்று யோசித்தேனே தவிர, எத்தனை நாள் ஆகும் என்று யோசிக்கவில்லை. அந்தக் கவனக்குறைவு எனக்கு ஒரு முழு ரிட்டர்ன் டிக்கெட் செலவு வைத்தது. கதை பின்னால் வருகிறது.

இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு நாயோ பூனையோ போக, எல்லாம் சரியாக நடந்தாலும் சுமார் 4 மாதம் தேவை. பணம் கொடுத்தாலும் இதைக் குறைக்க முடியாது. 'நாங்க பார்த்துக்கிறோம் சார், ஒரு மாசத்துல அனுப்பிடலாம்' என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒன்று அவருக்கு விதி தெரியாது, இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

"நாய்க்கு எதுக்குடா இத்தனை பேப்பரு? உங்க தாத்தா ரங்கூன் போனப்பகூட இவ்வளவு கேக்கலையே" என்றார் அம்மா. நியாயமான கேள்விதான். பதில் ஒரே சொல்: ரேபிஸ்.

ஏன் இந்தக் காத்திருப்பு

ஜெர்மனியில் தெருவில் நாய் கடித்தால் ரேபிஸ் பயம் கிட்டத்தட்ட இல்லை. நம் ஊரில் அது அன்றாடப் பயம். அதனால் ஐரோப்பிய ஒன்றியம் நாடுகளைப் பிரித்து வைத்திருக்கிறது. நோய்க் கட்டுப்பாடு போதுமான அளவு இருப்பதாக ஏற்றுக்கொண்ட நாடுகளுக்குப் பட்டியல் உண்டு. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து வரும் நாய், பூனை, ஃபெரட் (கீரி மாதிரியான செல்லப்பிராணி) மூன்றுக்கும் கூடுதலாக ஒரு ரத்தப் பரிசோதனையும் அதன்பின் 3 மாதக் காத்திருப்பும் கட்டாயம்.

காத்திருப்பு வெறும் அலுவலகத் தாமதம் இல்லை. ரேபிஸ் தடுப்பூசி வேலை செய்ததா என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். ஆனால் ஊசி போடுவதற்கு முன்பே அந்த நாயை வேறொரு வெறிநாய் கடித்திருந்தால்? ரேபிஸ் கிருமி உடம்பில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கக்கூடியது. அப்படி இருந்தால் இந்த 3 மாதத்துக்குள் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும். இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்த விதிமேல் இருந்த கோபம் பாதி குறைந்தது.

படி 1: சிப். ஊசிக்கு முன்னால், கட்டாயம் முன்னால்

அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் குப்பி, உள்ளே விலங்கின் அடையாள எண். தடித்த ஊசி வழியாகத் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் செலுத்துவார்கள். மயக்க மருந்து வேண்டாம். சுண்டல் ஒருமுறை திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான். மீசைதான் டாக்டரின் கையில் கையெழுத்துப் போட்டது.

சிப் ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்தில், 15 இலக்க எண்ணுடன் இருக்க வேண்டும். 999 என்று தொடங்கும் எண் சோதனைக்காக ஒதுக்கப்பட்டது. மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செலுத்துவதற்கு முன் ஒருமுறை, செலுத்திய பின் ஒருமுறை ரீடர் வைத்து எண் வருகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். சிப்போடு வரும் பார்கோடு ஸ்டிக்கர்களைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டி, பக்கத்தில் தேதி, டாக்டர் கையெழுத்து, பதிவு எண், முத்திரை எல்லாம் வாங்குங்கள்.

இப்போது நான் மாட்டிக்கொண்ட இடம். டிசம்பர் 20 அன்று இரண்டுக்கும் வருடாந்திர ரேபிஸ் ஊசி போட்டாகிவிட்டது. ஜனவரி 8 அன்று சிப் வைத்தோம். ஊசி இருக்கிறது, சிப் இருக்கிறது, எல்லாம் முடிந்தது என்று அந்த கிளினிக்கிலும் சொன்னார்கள், நானும் நம்பினேன். வீட்டுக்கு வந்து ஜெர்மன் அரசின் பக்கத்தைப் படித்தபோதுதான் வயிறு கலங்கியது. சிப் வைப்பதற்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது. காரணம் எளிது: ஊசி போட்ட அன்று அந்த நாய்க்கு அடையாளமே இல்லை. ஊசி போட்டது இந்த நாய்க்குத்தானா என்று யார் சாட்சி?

சிப்பும் ஊசியும் ஒரே நாளில் போடலாம். சிப் முதலில், ஊசி அடுத்து. புத்தகத்தில் இரண்டு தேதியும் ஒன்றாக இருந்தால் பரவாயில்லை. ஊசித் தேதி முந்தியதாக இருந்தால்தான் சிக்கல்.

படி 2: ரேபிஸ் ஊசி

குட்டிக்குக் குறைந்தது 12 வாரம் நிரம்பியிருக்க வேண்டும். புத்தகத்தில் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், போட்ட தேதி, எந்தத் தேதிவரை செல்லும் என்பது ஐந்தும் வேண்டும். நம் ஊர்ப் புத்தகங்களில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், 'அடுத்த ஊசி' என்று ஒரு தேதி எழுதுவார்கள். அந்தத் தேதி உங்களுக்கு எமன். ஒருநாள் தாண்டினாலும் அடுத்து போடும் ஊசி 'முதல் ஊசி'யாகக் கணக்காகும். ரத்தப் பரிசோதனையும் காத்திருப்பும் மறுபடி முதலிலிருந்து.

வாழ்க்கையில் ஒரே ஒரு ரேபிஸ் ஊசி மட்டும் போட்ட குட்டிகளுக்கு ரத்தத்தில் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) சீக்கிரம் இறங்கிவிடுவது உண்டு. அதனால் பல டாக்டர்கள் சில வார இடைவெளியில் இரண்டாவது ஊசியும் போட்டுவிட்டு ரத்தம் எடுக்கச் சொல்வார்கள். குட்டி வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பல வருடமாகத் தவறாமல் ஊசி போட்ட பெரிய நாய்க்கு இந்தக் கவலை குறைவு.

படி 3: ரத்தப் பரிசோதனை. தவறு அதிகம் நடக்கும் இடம்

ஊசி போட்ட நாளிலிருந்து குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். அதிலிருந்து சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப் பகுதியைப் பிரித்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களின் பட்டியலை ஐரோப்பிய ஆணையம் தன் இணையதளத்தில் நாடுவாரியாக வைத்திருக்கிறது. 'எங்க லேப்லயே ஆன்டிபாடி டெஸ்ட் இருக்கு' என்று யாராவது சொன்னால், அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முடிவு எவ்வளவு நன்றாக வந்தாலும் அது வெறும் காகிதம். இந்த ஆய்வகங்களுக்கு மேற்பார்வை செய்வது பிரான்ஸின் நான்சி நகரில் உள்ள ஆன்செஸ் ஆய்வகம்.

தேவையான எதிர்ப்பொருள் அளவு: ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல். ஃபேவ்ன் என்று சுருக்கமாகச் சொல்லும் பரிசோதனை இதுதான்.

ரத்தம் எடுக்கும் அன்று நீங்கள் செய்ய வேண்டியவை: எடுப்பதற்கு முன் ரீடர் வைத்து சிப் எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். குழாயின் லேபிளிலும் விண்ணப்பப் படிவத்திலும் அதே 15 இலக்கம் இருக்கிறதா என்று விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். டாக்டர் படிக்க, நீங்கள் சரிபாருங்கள், ரேஷன் கடையில் அட்டை எண் சரிபார்ப்பதுபோல. மீசையின் படிவத்தில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. கூரியர் போவதற்கு முன் என் மனைவி கண்ணில் பட்டதால் தப்பித்தோம். முடிவு வந்த பிறகு பார்த்திருந்தால் அது மீசையின் ரத்தமே இல்லை என்று ஆகியிருக்கும்.

சீரத்தைப் பிரித்துக் குளிர்பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். வாரக் கடைசியில் அனுப்பாதீர்கள். எங்காவது ஒரு கிடங்கில் சனி ஞாயிறு சூட்டில் கிடக்கும். திங்கள் அல்லது செவ்வாய் நல்லது.

அடுத்து 3 மாதம். ரத்தம் எடுத்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும், முடிவு வந்த நாளிலிருந்து இல்லை. பலரும் இதைத் தவறாக எண்ணி வீணாக ஒரு மாதம் அதிகம் காத்திருக்கிறார்கள்.

என் கணக்கு இப்படி வந்தது. ஜனவரி 10 அன்று இரண்டுக்கும் மறுபடி ஊசி. 30 நாள் தாண்டி, கொஞ்சம் இடம் விட்டு, பிப்ரவரி 14 அன்று ரத்தம். 3 மாதம் முடிவது மே 14. நான் வேலையில் சேர வேண்டியது ஏப்ரல் 1. கிளினிக்கில் டிசம்பரிலேயே சிப்பை முதலில் வைத்திருந்தால், ஜனவரி கடைசியிலேயே ரத்தம் எடுத்து, வேலை வழங்கியவரிடம் ஒரு மாதம் தவணை கேட்டு ஒன்றாகவே கிளம்பியிருக்கலாம். அதற்குப் பதிலாக நான் தனியாகப் போய், ஜூன் முதல் வாரம் இவற்றுக்காகவே திரும்பி வந்தேன். அதுதான் அந்த ரிட்டர்ன் டிக்கெட்.

நண்பர்களிடம் இப்போது நான் சொல்வது ஒன்றுதான். வெளிநாட்டு வாய்ப்பு வரலாம் என்று லேசாகத் தோன்றினாலே சிப், ஊசி, ரத்தப் பரிசோதனை மூன்றையும் முடித்து வையுங்கள். பரிசோதனையில் ஒருமுறை தேறிவிட்டால், அதன்பின் ரேபிஸ் ஊசியைத் தேதி தவறாமல் போட்டுவரும்வரை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அது ஆயுள் முழுவதும் செல்லும். போகாவிட்டால் நஷ்டம் பரிசோதனைக் கட்டணம் மட்டும். போவதானால் 4 மாதம் கையில் இருக்கிறது.

வேறு நாடு என்றால்

பிரிட்டனுக்கும் சிப், ஊசி, ரத்தம், 3 மாதம் என்ற வரிசை ஒன்றுதான். ஆனால் விமானத்தில் உங்கள் காலடியில் வைத்துக் கொண்டுபோய் இறங்க முடியாது. சரக்காகத்தான் வர வேண்டும். நாய்க்கு நாடாப்புழு மருந்து, அங்கே போய்ச் சேருவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்குள் டாக்டர் கையால் கொடுத்து எழுதியிருக்க வேண்டும். அயர்லாந்து, பின்லாந்து, மால்டா, நார்வேக்கும் இந்த நாடாப்புழு விதி உண்டு. ஜெர்மனிக்கு இல்லை.

அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் நாய்களுக்கான விதியை மாற்றிவிட்டது. குறைந்தது 6 மாத வயது, சிப், இணையப் படிவம் எல்லா நாய்க்கும் வேண்டும். நாய் ரேபிஸ் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இருப்பதால், இங்கே ஊசி போட்ட நாய் குறிப்பிட்ட சில விமான நிலையங்கள் வழியாக மட்டும்தான் நுழையலாம்; அங்கே பதிவுபெற்ற பராமரிப்பு மையத்தில் முன்பதிவும் வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவு கையில் இல்லையென்றால் 28 நாள் தனிமை. பூனைக்கு அமெரிக்க மத்திய அரசின் விதியில் இவ்வளவு கெடுபிடி கிடையாது. ஆஸ்திரேலியா இந்தியாவிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்வதே இல்லை; அங்கீகரித்த மூன்றாவது நாடு ஒன்றில் தங்கவைத்து, அங்கிருந்துதான் போக வேண்டும். மெல்போர்ன் அருகே மிக்கில்ஹாமில் தனிமையும் உண்டு. ஆஸ்திரேலியா போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை போதாது.

படி 4: எந்த வழியில் பறப்பது

வழிகள் மூன்று. சின்ன நாய், பூனை என்றால் பையில் வைத்து இருக்கைக்கடியில். பல ஐரோப்பிய நிறுவனங்கள் பையோடு சேர்த்து 8 கிலோவரை விடுகின்றன. இரண்டாவது, நீங்கள் போகும் அதே விமானத்தின் அடிப்பகுதியில், உங்கள் பெட்டி படுக்கைபோல் ஆனால் அழுத்தமும் வெப்பமும் கட்டுப்படுத்திய அறையில். மூன்றாவது, தனியாகச் சரக்காக.

மூன்றாவதில் செலவு எகிறும். சரக்கில் நாயின் எடையைப் பார்த்துக் காசு வாங்க மாட்டார்கள், கூண்டு அடைக்கும் இடத்தைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000 ஆல் வகுத்தால் வரும் எண்தான் எடை. சுண்டலின் கூண்டு 91 x 64 x 69. வகுத்தால் 67 கிலோ. சுண்டல் 18 கிலோதான். லேப்ரடார், கிரேட் டேன் வைத்திருப்பவர்களுக்குக் கேட்கும் தொகை ஏன் லட்சங்களில் போகிறது என்று இப்போது புரியும்.

மீசையைக் கையிலும் சுண்டலை அடியிலும் என்று நான் முடிவு செய்தேன். ஒரு விமானத்தில் இத்தனை விலங்குதான் என்று வரம்பு உண்டு. அதனால் டிக்கெட் வாங்குவதற்கு முன் நிறுவனத்தை போனில் அழைத்து, அந்தத் தேதியில் இடம் இருக்கிறதா, அந்த விமான ரகத்தில் அடிப்பகுதியில் விலங்கு ஏற்றுவார்களா என்று கேளுங்கள். வாங்கிய அன்றே விலங்குக்கும் பதிவு செய்து, உறுதிப்பாட்டை எழுத்தில் வாங்குங்கள். முடிந்தவரை நேரடி விமானம். மாறித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு மாற்றம்.

பக், பாக்ஸர், ஷிட்சூ, பெர்சியன் பூனை போன்ற சப்பை மூக்கு வகைகளைப் பல நிறுவனங்கள் அடிப்பகுதியில் ஏற்றுவதே இல்லை. அவற்றுக்கு மூச்சுக்குழல் குறுகல்; சூடும் பதற்றமும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இவை வைத்திருப்பவர்கள் வேறு எதற்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

நீங்களும் விலங்கும் ஒரே விமானத்தில் போக வேண்டும் என்று விதி இல்லை. ஆனால் உங்கள் பயணத்துக்கு முன்னோ பின்னோ 5 நாளுக்குள் அது போக வேண்டும். அதைத் தாண்டினால் வணிகப் போக்குவரத்தாகக் கருதி வேறு விதிகளைக் காட்டுவார்கள். ஏப்ரலில் நான் போய்விட்டு, மே மாதம் யாரையாவது அனுப்பி வைக்கச் சொல்லலாம் என்று போட்ட திட்டம் உடைந்தது இதனால்தான்.

ஜெர்மனிக்கு இன்னொரு தடை: பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபோர்ட்ஷயர் புல்டெரியர், புல்டெரியர், இவற்றின் கலப்பு எதையும் குடியேறுகிறவர் கொண்டுவர முடியாது. நம் நாட்டு நாய்க்கு இது பொருந்தாது. ஆனாலும் தலை அகலமான கலப்பு நாய் என்றால், இனம் பற்றி டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை என்றால் அங்கே யாருக்கும் தெரியாது. எழுத்துக்கூட்டிச் சொல்லத் தயாராக இருங்கள்.

படி 5: கூண்டும் பழக்கமும்

இந்தக் காத்திருப்பு மாதங்களை வீணாக்காதீர்கள். உண்மையான வேலை இங்கேதான்.

கூண்டின் அளவு ஐயாட்டா (விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கம்) விதிப்படி. நாயை நிற்கவைத்து டேப் பிடியுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை ஒரு அளவு. தரையிலிருந்து முன்கால் முட்டிவரை இரண்டாவது. தோளின் அகலம் மூன்றாவது. தரையிலிருந்து தலை உச்சி அல்லது காது நுனி, எது உயரமோ அது நான்காவது. முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். மூன்றாவதை இரண்டால் பெருக்கினால் குறைந்தபட்ச அகலம். நான்காவது உயரம், அதோடு விரிப்பின் தடிமன். சுண்டலுக்கு 72 கூட்டல் 17, ஆக 89 செ.மீ. நீளம். உயரம் 60. கடையில் 81 செ.மீ. கூண்டு ஒன்று பாதி விலைக்கு இருந்தது. வாங்கவில்லை. காது கூரையில் இடித்தால் கவுன்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதுவும் நள்ளிரவில்.

கெட்டியான பிளாஸ்டிக், நான்கு பக்கமும் காற்றுத் துளை, கம்பிக் கதவு, மேலும் கீழும் இணைக்க பிளாஸ்டிக் கிளிப்புக்குப் பதிலாக இரும்பு நட்டு போல்ட். சக்கரம் இருந்தால் கழற்றிவிட வேண்டும். கதவில் வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றும்படி கிண்ணம். மேலே 'உயிருள்ள விலங்கு' ஸ்டிக்கரும் அம்புக்குறியும். கம்பி வலைக் கூண்டு செல்லாது.

கூண்டு வந்த அன்றே கதவைக் கழற்றி ஹாலில் வைத்துவிட்டேன். முதல் வாரம் சாப்பாட்டுத் தட்டு அதன் வாசலில். அடுத்த வாரம் உள்ளே. அப்புறம் கதவு மாட்டி, சாப்பிடும்போது மட்டும் சாத்தி. பிறகு 10 நிமிடம், அரைமணி, ஒரு இரவு. கடைசியில் காரில் ஏற்றி மகாபலிபுரம் போய்த் திரும்பினோம். ஆறாவது வாரம் இடி இடித்தபோது சுண்டல் கட்டிலுக்கடியில் ஓடாமல் கூண்டுக்குள் ஓடினான். போதும் என்று அன்று முடிவு செய்தேன்.

மீசை வேறு ரகம். பையைக் கண்டால் அலமாரிமேல். பையை மூடி வைக்காமல் எப்போதும் திறந்தே போட்டு, உள்ளே என் பழைய சட்டையை வைத்தேன். மூன்று வாரம் கண்டுகொள்ளவில்லை. நான்காவது வாரம் அதன் படுக்கையே அதுதான். பூனைக்கு ஹார்னஸ் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) பழக்குவதும் அவசியம், காரணம் கீழே.

தூக்க மருந்து வேண்டவே வேண்டாம். மயக்கத்தில் இருக்கும் விலங்குக்கு ரத்த அழுத்தமும் உடல்சூடும் தாறுமாறாகும். கூண்டு ஆடும்போது நின்று சமாளிக்கவும் முடியாது. மயக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் விமான நிறுவனங்களும் ஏற்ற மறுப்பார்கள். மிகவும் பதறும் பூனைக்கு வேறு வழி இருக்கிறதா என்று உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். இருந்தாலும் வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பார்க்காமல் பயண நாளில் முதன்முதலாகக் கொடுக்காதீர்கள்.

படி 6: கடைசி 10 நாள், பள்ளிக்கரணை

தனியார் டாக்டரின் சான்றிதழ் மட்டும் போதாது. மத்திய அரசின் விலங்குத் தனிமை மற்றும் சான்றளிப்பு நிலையம் கையெழுத்திட வேண்டும். சென்னையில் அது பள்ளிக்கரணையில். டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத்திலும் உண்டு. மதுரை, கோவைக்காரர்கள் சென்னைக்கோ பெங்களூருக்கோ வந்துதான் ஆக வேண்டும்.

அதற்கு முன் பதிவுபெற்ற டாக்டரிடம் 'பயணத்துக்குத் தகுதி' சான்று வாங்குங்கள். நான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டினேன். 1903இல் தொடங்கிய கல்லூரி. காலை வரிசையில் ஆடு, கிளி, ராட்வீலர் எல்லாம் சமரசமாக உட்கார்ந்திருக்கும்.

பள்ளிக்கரணைக்கு விலங்கையும் நேரில் கொண்டுபோக வேண்டும். பாஸ்போர்ட், டிக்கெட் நகல், தடுப்பூசிப் புத்தகம், ரத்தப் பரிசோதனை அறிக்கையின் மூலப்பிரதி, தகுதிச் சான்று, விலங்கின் புகைப்படம் எடுத்துப் போங்கள். எல்லாவற்றிலும் இரண்டு நகல். முன்கூட்டியே போன் செய்து நேரம் வாங்குங்கள்.

ஐரோப்பியச் சான்றிதழுக்குத் தனி மாதிரிப் படிவம் உண்டு. அது ஆங்கிலத்திலும், நீங்கள் முதலில் நுழையும் நாட்டின் மொழியிலும் இருக்க வேண்டும். பிராங்க்பர்ட்டில் இறங்கினால் ஜெர்மன். பாரிஸில் விமானம் மாறினால் நுழைவது பிரான்ஸ். அப்போது பிரெஞ்சுப் படிவம். அதிகாரி கையெழுத்தும் முத்திரையும் அச்சு மையிலிருந்து வேறு நிறத்தில் இருக்க வேண்டும். நீல மை பாதுகாப்பு. பொருந்தாத வரிகளை அடித்தால் அங்கேயும் சுருக்கொப்பமும் முத்திரையும். அங்கேயே நின்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பாருங்கள், கூச்சம் வேண்டாம். எனக்கு வாய்த்த அதிகாரி நான் கேட்டதும் சிரித்துக்கொண்டே விட்டுப்போன ஒரு முத்திரையைப் போட்டுக் கொடுத்தார். கூடவே, விற்பனைக்காகக் கொண்டுபோகவில்லை என்று நீங்கள் கையெழுத்திடும் உறுதிமொழியையும் இணைக்க வேண்டும்.

சான்றிதழ் கையெழுத்தான நாளிலிருந்து 10 நாளுக்குள் ஐரோப்பிய எல்லையில் சோதனை முடிந்திருக்க வேண்டும். நான் பயணத்துக்கு 4 நாள் முன்னால் வாங்கினேன். விமானம் ரத்தானால் தாங்க இடம் இருக்கட்டும் என்று. பொங்கல், தீபாவளி ஒட்டிப் பறக்கிறவர்கள் அலுவலக விடுமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: பயண நாள்

ஜூன் மாதச் சென்னை. வெயிலில் விமானம் அருகே கூண்டு காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. சென்னையிலிருந்து ஐரோப்பா போகும் விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பின் கிளம்புகின்றன. நம் நல்ல காலம். கோடையில் பகல் விமானத்தைத் தவிருங்கள்.

கிளம்புவதற்குச் சுமார் 6 மணி நேரம் முன்னால் லேசான சாப்பாடு, தயிர்சாதம் வேண்டாம். தண்ணீர் கடைசிவரை கொடுக்கலாம். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து மாட்டினால் ஏற்றும்போது கொட்டாது, மெல்ல உருகும். விரிப்பில் ஈரம் உறிஞ்சும் தாள், அதன்மேல் துவைக்காத உங்கள் சட்டை. விமான நிலையத்துக்குள் நுழைவதற்கு முன் நீண்ட நடை.

பாதுகாப்புச் சோதனையில் கூண்டும் பையும் எக்ஸ்ரேயில் போகும், விலங்கு போகாது. நாயைக் கயிற்றில் பிடித்து நிற்க வேண்டும். பூனையைக் கையில் எடுத்து மனிதச் சோதனை வாசல் வழியாக நடக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு பூனை கையிலிருந்து நழுவினால் விமானம் போய்விடும், பூனையும் போய்விடும். ஹார்னஸ் போட்டு, கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள். தனி அறையில் சோதிக்க முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள், எனக்குக் கிடைத்தது.

ஏறியதும் பணிப்பெண்ணிடம் அடியில் நாய் இருக்கிறது என்று சொல்லி, ஏறிவிட்டதா என்று கேட்டு உறுதி செய்யச் சொல்லுங்கள். "உங்க பையன் ஏறிட்டான்" என்ற பதில் வந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

படி 8: இறங்கிய பின்

பிராங்க்பர்ட்டில் பச்சை வழியில் போகக்கூடாது. சிவப்பு வழியில் போய்ச் சுங்கத்தில் நீங்களே சொல்ல வேண்டும். சிப்பைப் படிப்பார்கள், காகிதங்களோடு ஒப்பிடுவார்கள். எல்லாம் சரியாக இருந்தால் பெரிய விஷயமே இல்லை. எனக்கு ஆன நேரத்தில் பாதி சுண்டலின் பெயருக்கு அர்த்தம் சொல்வதில் போனது. காகிதம் சரியில்லை என்றால் உங்கள் செலவில் தனிமை, அல்லது திருப்பி அனுப்பல்.

கூண்டை வெளியே திறந்தவெளியில் திறக்காதீர்கள். மிரண்ட நாட்டு நாய் ஓடினால் பிடிக்க முடியாது. காரிலோ அறையிலோ கதவைச் சாத்திய பிறகு, கழுத்துப்பட்டை, ஹார்னஸ் இரண்டிலும் கயிறு மாட்டித்தான் வெளியே. முதல் சில வாரம் இப்படியே. சிப் எண்ணை டாசோ என்ற செல்லப்பிராணிப் பதிவேட்டில் இலவசமாகப் பதியுங்கள். சிப் இருந்தும் பதிவு இல்லையென்றால் அது யாருடைய நாய் என்று யாருக்கும் தெரியாது.

நாய்க்கு நகராட்சியில் வரி உண்டு; பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ. பூனைக்கு இல்லை என்று மீசைக்கு இன்னும் நான் சொல்லவில்லை, தலைக்கனம் ஏறும். பெர்லின், ஹாம்பர்க் போன்ற மாநிலங்களில் நாய்க்குப் பொறுப்புக் காப்பீடு கட்டாயம். வாடகை ஒப்பந்தத்தில் நாய் அனுமதி எழுத்தில் இருக்கட்டும். இரவு 10 மணிக்கு மேல் குரைத்தால் மாடிவீட்டுக்காரர் கடிதம் எழுதுவார். நம் ஊர்போலக் கதவைத் தட்டிச் சண்டைபோட மாட்டார், அதுதான் பயம்.

பக்கத்துக் கால்நடை டாக்டரிடம் போய் ஐரோப்பியச் செல்லப்பிராணி பாஸ்போர்ட் எடுங்கள். அதில் ரத்தப் பரிசோதனை முடிவையும் பதியச் சொல்லுங்கள். அது பதிவாகி, ஊசியும் தவறாமல் இருந்தால், ஊருக்குக் கூட்டி வந்து திரும்பும்போது அந்த 3 மாதக் காத்திருப்பு இல்லை. இரண்டுக்கும் அடுத்த ஊசி ஜனவரி 10க்குள் போட வேண்டியிருந்தது. ஒரு வாரம் முன்னாலேயே போட்டுவிட்டேன்.